வீடும் ஒலிக்கூடமும்: தோட்டத்து இளைஞனின் கிற்றாரை முன்வைத்து

மலையகக் கலைகள் பற்றிப் பல்கலைக்கழக மண்டபங்களில் நிகழும் உரைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். தப்பையும் காமன்கூத்தையும் பொன்னர் சங்கரையும் போற்றி, அவை காக்கப்படவேண்டும் என்று முடிபவை ஒரு வகை. மேனாட்டு இசையின் படையெடுப்பால் அவை அழிகின்றன என்று இரங்கி முடிபவை மற்றொரு வகை. இரு வகை உரைகளிலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவன் ஒருவனே. பசறையிலோ லுணுகலையிலோ மடூல்சீமையிலோ ஒரு தோட்டத்து லயத்தில், மின்கிற்றாரைக் கணினியோடு இணைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அயலார் உறங்கிய பின் தனியொருவனாகத் தன் பாடற்றொகுதியைப் பதிவுசெய்ய முனையும் றொக் இசை நாட்டமுள்ள இளைஞனே அவன்.

அவன்மீது சுமத்தப்படும் குற்றங்கள் மூன்று. அவனுடைய இசை அந்நியமானது என்பது முதலாவது. கூட்டாக ஆடியும் பாடியும் வாழ்ந்த மக்களிடையே பிறந்து, தனி இசைத்தொகுப்பு என்னும் தனிமனிதவாதத்துள் ஒடுங்கிவிட்டான் என்பது இரண்டாவது. தன் முன்னோரின் தப்பைக் கைவிட்டான் என்பது மூன்றாவது. இவற்றுக்கு எதிராக அவனுக்காக வாதாட முன்வருவோரும் உளர். தொழில்நுட்பம் எல்லாரையும் சமனாக்கிவிட்டது, எவரும் தம் வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கலாம், ஆகவே தோட்டத்து இளைஞனுக்கு இனி எத்தடையும் இல்லை என்பது அவர்தம் வாதம். குற்றஞ்சாட்டுவோரும் வாதாடுவோரும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும் ஒரு பொருளைக் காண மறுப்பதில் ஒன்றுபடுகின்றனர். அப்பொருள் வீடு.

முதலில் அந்நியம் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளலாம். றொக் இசை எங்கே பிறந்தது? அதன் வேர் இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களே அதன் தாய். 1941 ஆகத்து மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்துக் கிளாக்ஸ்டேல் நகருக்கு அருகே, ஸ்டோவல் தோட்டத்தில் வாழ்ந்த தொழிலாளி ஒருவரைத் தேடி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் அலன் லோமக்ஸும், கறுப்பின மக்களின் கல்விக்கூடமான பிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜோன் வேர்க்கும் சென்றனர். அத்தொழிலாளியின் மரக்குடிசையிலேயே பதிவுக்கருவி வைக்கப்பட்டது. தம் குரலைத் தாமே கேட்ட அம்மனிதர் 1943இல் தோட்டத்தை நீங்கிச் சிக்காகோ நகரை அடைந்தார். அங்கு மின்கிற்றாரை ஏந்தினார். மடி வோட்டர்ஸ் என்று உலகம் அறிந்த கலைஞர் அவரே. இங்கிலாந்தின் புகழ்பெற்ற றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பெயரையே 1950இல் அவர் வெளியிட்ட பாடலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

அந்தப் பருத்தித் தோட்டத்து வாழ்வு ஊவாவின் தேயிலை மலைகளில் வாழ்வோருக்கு விளக்கம் வேண்டுவதன்று. அங்கே விளைவில் பங்கு பெற்று உழைத்த வாரக்குடிகள் தோட்டத்துக் கடைக்குப் பட்ட கடனால் மண்ணோடு பிணைக்கப்பட்டனர். இங்கே துண்டு முறை தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு பிணைத்தது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ஒரே உற்பத்தி முறையின் இரு கிளைகளில், ஒரே வகைத் துயரம் இரு மொழிகளில் பாடப்பட்டது. ஆகவே தோட்டத்து இளைஞன் கிற்றாரைத் தொடும்போது வெள்ளைத்துரையின் பங்களாவிலிருந்து எதையும் களவாடவில்லை. மற்றொரு தோட்டத்து லயத்திலிருந்து வந்த உறவுப் பொருளையே அவன் கைநீட்டி வாங்குகிறான்.

கருவியின் பிறப்பிடத்தைக்கொண்டு கலையை எடைபோடுவது தமிழிசை வரலாற்றுக்கும் பொருந்தாது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது; இன்று அஃதின்றிக் கருநாடக இசைக் கச்சேரி நிறைவுறுவதில்லை. ஆர்மோனியத்தை அந்நியக் கருவியெனக் கண்ட அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல் அத்தடையைத் தானே தளர்த்த வேண்டியதாயிற்று. மின்மேண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் கருநாடக இசையை வாசித்தபோது சபைகள் அவரைப் புறக்கணிக்கவில்லை. 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலானோரின் பொப் பாடல்கள் இலங்கைத் தமிழரிடையே கிற்றாரை வீடுதோறும் அறிமுகப்படுத்தின. சபைக் கலைஞருக்கும் நகரத்துப் பாடகருக்கும் வழங்கப்படும் உரிமை லயத்து இளைஞனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? மலையகத்தின் அரசியற் பாடல் மரபே இரவல் வாங்க அஞ்சாத மரபு. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடித் தம் பாடல்களை 1940இல் நூலாக்கியபோது, மக்கள் ஏலவே அறிந்திருந்த மெட்டுகளையே எடுத்தாண்டார். மெட்டு எங்கிருந்து வந்தது என்று அன்று எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. அது எதைச் சொல்கிறது என்றே கேட்டான்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. தனி இசைத்தொகுப்பும் வீட்டு ஒலிக்கூடமும் மேனாட்டில் எவ்வாறு தோன்றின என்பதை நோக்கினால் உண்மை துலங்கும். பீட்டில்ஸ் குழு கலைந்த 1970ஆம் ஆண்டில் போல் மெக்கார்ட்னி தம் முதல் தனித்தொகுப்பின் பெரும்பகுதியை இலண்டனில் தம் இல்லத்தில், நான்கு தடப் பதிவுக்கருவியொன்றில், ஒலிக்கலவைப் பலகைகூட இன்றிப் பதிவுசெய்தார். பொலறோயிட் நிறுவனத்துப் பொறியியலாளரான டொம் ஷோல்ஸ் என்னும் கிற்றார்க் கலைஞர், 1976இல் வெளிவந்த பொஸ்டன் குழுவின் முதற்றொகுப்பின் பெரும்பகுதியைத் தம் வீட்டு நிலவறையில் உருவாக்கினார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ தொகுப்பை நியூஜேர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதியும் சிறுகருவி கொண்டே பதிவுசெய்தார். வேலையிழந்தோரையும் வழிதவறியோரையும் பற்றிய அப்பாடல்களின் ஆற்றலுக்கு அக்கருவியின் எளிமை குறையாக அமையவில்லை.

இவ்வரலாறு வழமையாக எளிய கருவிகளின் வெற்றியாகவே கூறப்படுகிறது. ஆயின் அதனுள் மறைந்து நிற்கும் உண்மை வேறு. ஒருவருக்கு இல்லம் இருந்தது. மற்றொருவருக்கு நிலவறை இருந்தது. மூன்றாமவருக்கு வாடகையேனும் கொடுத்துத் தாழிட்டுக்கொள்ளக்கூடிய படுக்கையறை இருந்தது. கருவி மலிந்த பின்னரே வீட்டு ஒலிக்கூடம் தோன்றியது என்பது பாதி உண்மை. வீடு இருந்தவரிடத்திலேயே அது தோன்றியது என்பது மீதிப் பாதி.

ஊவாவின் லயத்திற்கு இப்போது திரும்பலாம். பன்னிரண்டடிக்குப் பத்தடிக் காம்பரா ஒன்று, அதன் முன்னே சிறிய இஸ்தோப்பு, அதனையொட்டிச் சமைக்க ஓரிடம்: பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட உலகம் இவ்வளவே. இடைச்சுவர் கூரையை எட்டாத லயங்களில் ஒரு காம்பராவின் இருமல் அடுத்த காம்பராவின் உறக்கத்தைக் கலைக்கும். அச்சுவருக்கு அப்பால் உறங்குபவர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று நாள்முழுதும் கொழுந்தெடுக்கவேண்டிய பெண். வடகீழ்ப் பருவமழை நமுனுகுலை மலைத்தொடரைச் சூழ்ந்துகொள்ளும் மாதங்களில் தகரக் கூரைமீது விழும் மழை, ஒலிவாங்கிக்கு வேறெந்த ஓசையையும் விட்டுவைப்பதில்லை.

இந்நிலையில் எந்தக் கருவியைப் பதிவுசெய்ய முடியும்? தப்பு முழங்குவதற்கு வெளி வேண்டும். அதைப் பதிவதற்கு ஒலிவாங்கியும் அமைதியான மண்டபமும் வேண்டும். கூட்டுப் பாடலுக்குப் பலர் நிற்க இடம் வேண்டும். மின்கிற்றாருக்கோ இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. உருக்குக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் அதனைச் சுற்றிய கம்பிச்சுருளும் மின்னலையாக மாற்றுகின்றன. அம்மின்னலை வடத்தின்வழியே நேராகக் கணினியைச் சென்றடைகிறது. இடையில் காற்று குறுக்கிடுவதேயில்லை. கேட்பவனுடைய காதுக்குள் இடிமுழக்கம் நிகழும்போது, அருகிற் படுத்திருக்கும் குழந்தைக்குக் கேட்பது கம்பியின் மெல்லிய கீறல் மட்டுமே. மழையும் அதனைக் கெடுப்பதில்லை. சுவரும் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே ஒரு முரண் தெளிவாகின்றது. லயத்து மக்களுக்கே உரிய கருவியை லயத்தினுள் பதிவுசெய்ய இயலாது. கடல் கடந்து வந்த கருவியை இயலும். இவ்விளைஞனின் தெரிவில் விருப்பத்துக்குப் பங்குண்டு. ஆனால் அத்தெரிவின் எல்லையை வகுத்தது கட்டடம். அவனுடைய இசைத்தொகுப்பு தனித்தொகுப்பாயிருப்பதும் தனிமனிதவாதத்தால் விளைந்ததன்று. நால்வர் கூடி வாசிக்க நான்கு சுவர் இல்லாமையால் விளைந்தது. இல்லாமையைக் கொள்கையாகக் கருதிக் கண்டிப்பவர் பசித்தவனை உண்ணாநோன்பி என்று அழைப்பவருக்கு ஒப்பாவர்.

மூன்றாவது குற்றச்சாட்டு மேலும் கவனத்துக்குரியது. தப்பைக் கைவிட்டான் என்று கூறுவோர், தப்பு யார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்பதைக் கூறுவதில்லை. இழவு வீட்டில் அடித்தாக வேண்டியது சிலருடைய சாதிக்கடமையாக்கப்பட்டது; காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்கவும் அதே கருவி பயன்பட்டது. அதனைச் சுமந்த குடும்பத்தில் பிறந்த ஒருவன் அதனை இறக்கிவைத்தால் அது மரபுத் துரோகமாகாது. தன்மானச் செயலாகவும் இருக்கலாம். அதனையே பெருமிதத்துடன் மீண்டும் ஏந்த அவன் விரும்பினால் அதுவும் அவனது உரிமை. ஆனால் தம் வீட்டு விசேடத்துக்கு நாதசுரத்தை அழைப்பவர்கள் பிறர் பிள்ளைகள் தப்பே அடிக்கவேண்டுமென்று மேடையேறி வற்புறுத்துவது மரபுப் பற்றாகாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியவிடிய ஆடப்பட்டது சில நாழிகைக்குச் சுருங்கிற்று. அதனை எவரும் சீரழிவு என்னவில்லை. செம்மையாக்கம் என்றே போற்றினர். கற்றவர் மாற்றினால் செம்மை, லயத்தான் மாற்றினால் சீரழிவு என்னும் அளவுகோல் நேர்மையானதன்று.

அவனுக்காக வாதாடும் தொழில்நுட்ப அன்பர்களுக்கும் விடை கூறவேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் உண்டு உடுத்தபின் கிற்றாரும் கணினியும் வாங்குவது எத்தகைய தியாகத்தின் விளைவு என்பதைக் கணக்கிட வேண்டியதில்லை. அத்தியாகத்தைச் செய்த தாய்தந்தையர் உளரெனினும் அக்கருவிகளை வைக்கும் இடம் எவருடையது? லயம் தோட்ட நிர்வாகத்தின் உடைமை. 1972இலும் 1975இலும் அரசு தோட்டங்களைக் கையேற்றது. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றிக் காம்பராவில் வாழ்பவர் கையில் காணி உறுதி வந்து சேரவில்லை. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையை முழுமையாக மீட்க 2003வரை காத்திருந்த மக்கள், 2023இல் மலையக வரலாற்றின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோதும் வீட்டுக்கும் காணிக்குமான கோரிக்கையையே முன்வைக்க நேர்ந்தது. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் எழுந்த தனிவீடுகள் வரவேற்கத்தக்கவை. எனினும் தேவையின் அளவோடு ஒப்பிடுகையில் அவை சிறுதொகையே.

வீடு என்பது கலைஞனின் வசதி மட்டும் அன்று, உயிரின் காவல் என்பதைப் பதுளை மாவட்டம் கொடுமையாகவே கற்றது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏலவே எச்சரித்திருந்தது. அந்த மண்ணுக்குள் உயிர்களோடு புதைந்த பாடல்கள் எத்தனை என்று எந்த ஆய்வாளரும் கணக்கெடுக்க இயலாது. பாடியவரின் நினைவைத் தவிர வேறெங்கும் அவை பதிவாகியிருக்கவில்லை.

பதிவு என்பது ஈண்டு ஆடம்பரமன்று. மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்தார், சொற்கள் பிழைத்தன. ஆனால் அவற்றைப் பாடிய குரல்கள் அச்சில் ஏறவில்லை. அவருக்குப் பின் வந்த சேகரிப்பாளர் பலர் ஒலிப்பதிவுக் கருவியுடன் மலையேறினர். பட்டத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு இறங்கினர். மடி வோட்டர்ஸுக்கு அவருடைய பதிவுத்தட்டின் பிரதிகளேனும் அனுப்பிவைக்கப்பட்டன. ஊவாவில் பாடிக்கொடுத்த பாட்டிமார் எத்தனை பேருக்குத் தம் குரல் திரும்பி வந்தது? லயத்து இளைஞன் இச்சங்கிலியை அறுக்கிறான். அவன் பிறருடைய ஆய்வுப்பொருளாயிருக்க மறுத்து, தன் ஒலியைத் தானே பதிந்து, தன் பெயரில் தானே வெளியிட முனைகிறான். கலைத்துறையில் உற்பத்திச் சாதனம் உழைப்பவன் கைக்கு வருவதன் தொடக்கம் இது. அதனைக் கண்டு முற்போக்கு விமரிசகர்கள் முகஞ்சுளிப்பது வியப்புக்குரியது.

ஆதலின் அவனுக்கு வேண்டியது உபதேசமுமன்று, பாராட்டுமன்று. உறுதியுடன் கூடிய காணியும், கூரையை எட்டும் சுவர் கொண்ட வீடும் அவனுக்கு முதலில் வேண்டும். அவை வரும்வரை தோட்டப் பிரிவுதோறும், தப்பும் கிற்றாரும் கூட்டுப் பாடலும் ஒருங்கே பதியத்தக்க ஒரு பொதுக் கூடமேனும் வேண்டும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும், மலையகத்தை ஆய்வுப்பொருளாகக் கொண்ட தமிழ்த்துறைகளும் தம் பதிவுக்கருவிகளை ஆண்டில் சில நாளாவது அக்கூடங்களுக்கு இரவல் கொடுப்பது அரிய காரியமன்று. சேகரித்த குரல்களின் பிரதியை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது அதனினும் எளிது.

அதன் பின்னரும் அந்த இளைஞன் தனித்தே வாசிக்க விரும்பினால், அப்போது அவனுடைய தனிமையை ஒரு கலைக்கொள்கையாகக் கொண்டு விமரிசிக்கலாம். அதுவரை விமரிசனத்துக்குரியது அவன் கையிலுள்ள கிற்றார் அன்று. அவன் தலைக்கு மேலுள்ள கூரை.