அறிவித்தலை அழிக்குமுன்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். எச்சரிக்கைக்கும் இது பொருந்தும். நாளெல்லாம் கைத்தொலைபேசி ஓயாது மணியடிக்குமாயின், ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனின் கதைதான். மெய்யாகவே புலி வரும்போது எவரும் திரும்பிப் பாரார். ஆதலின் வேண்டாத அறிவித்தல்களை நிறுத்துவது அறிவுடைமையே. ஆயினும் அவ்வேலையை இன்று யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

செயற்கை நுண்ணறிவு இப்பொழுது வினாவுக்கு விடை கூறுவதோடு நின்றுவிடவில்லை. நம் பொருட்டுக் காரியங்களையும் ஆற்றுகின்றது. அங்ஙனம் ஆற்றுவதை முகவர் என்பர். முகவருக்குக் கைகளாக அமைவன கருவிகள் எனப்படும் சிறு மென்பொருள்கள். ‘இன்னது நேர்ந்தால் எனக்கு அறிவி’ என்று பதிந்து வைப்பது ஒரு கருவி. அப்பதிவை அழிப்பது மற்றொரு கருவி. பின்னையதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கருவி என்ன செய்யும் என்பதை முகவர் எவ்வாறு அறிகின்றது? கருவியோடு எழுதி வைத்த விளக்கத்தை வாசித்தே அறிகின்றது. எழுத்துப் பிழைத்தால் செயலும் பிழைக்கும். முகவரையும் கருவியையும் இணைப்பதற்கென ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல்’ என்னும் பொது நியமத்தை வெளியிட்டது. 2025இல் அதிற் சில குறிகள் சேர்க்கப்பட்டன. கருவி வாசிப்பதோடு அமையுமா, உள்ளதை அழிக்குமா, ஒரே கட்டளையை மீண்டும் இட்டால் புதிதாக ஏதும் விளையுமா என்பவற்றை அக்குறிகள் தெரிவிக்கும். மாற்றஞ் செய்யவல்ல கருவியொன்று அழிக்குமா என்பது பற்றி ஒன்றுஞ் சொல்லப்படாவிடின், அழிக்கும் என்றே கொள்ளுதல் வேண்டும் என்பது அந்நியமத்தின் நிலை. நல்ல நிலையே; ஆயினும் குறிகள் வெறுங் குறிப்புகளே, காவலாகா.

நிற்க. நம் மாத்தளை மாவட்டத்துக்கு இதனால் ஆவது யாது? மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. மஞ்சள் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் புறப்பட ஆயத்தமாயிருக்கவும், சிவப்பு வெளியேறவும் சொல்வன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதற்படிக்கும், 100 இரண்டாவதற்கும், 150 மூன்றாவதற்கும் அளவாகக் கொள்ளப்பட்டவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்தது. அவ்வனர்த்தத்தில் நம் மாவட்டத்திலும் உயிர்கள் பல மாண்டன.

இத்தகைய எச்சரிக்கைகளை முகவரின் வாயிலாகப் பெறும் குடும்பமொன்று இறத்தோட்டை மலைச்சாரலில் இருப்பதாகக் கொள்வோம். மாரிகாலத்தில் மஞ்சள் எச்சரிக்கை அடிக்கடி வருகின்றது. சலித்துப்போன வீட்டுக்காரர், ‘இந்த மழைச் செய்தியை நிறுத்து’ என்கிறார். அவர் கருதியது மஞ்சள் ஒன்றையே. கருவியின் விளக்கத்திலோ ‘அறிவித்தற் பதிவை அழிக்கும்’ என்ற ஒரே வரிதான் உண்டு. முகவர் மூன்றையும் அழித்துவிட்டு, ‘ஆயிற்று’ என்கிறது. அன்று முதல் வீட்டில் அமைதி. அவ்வமைதி மழை ஓய்ந்தமையால் வந்ததா, செய்தி ஓய்ந்தமையால் வந்ததா என்று அவர் எங்ஙனம் அறிவார்?

அழிக்கும் கருவியின் தனி அபாயம் இதுவே. பிழையாகப் பதிந்த அறிவித்தல் வேண்டாத வேளையில் மணியடித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பிழையாக அழிந்ததோ மௌனமாயிருக்கும்.

ஆகவே அதன் விளக்கத்தை எழுதுவோர் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அழிவது ஒரு பதிவா, அனைத்துமா? மீட்க இயலுமா? அதே அறிவித்தலைப் பெறும் பிறருக்கும் அது நின்றுவிடுமா? சில காலம் மட்டும் நிறுத்திவைக்க வேறு கருவி உண்டா? இவற்றோடு, அழிக்குமுன் பதிவின் பெயரைக் கூறி உரியவரின் சம்மதம் பெறுக என்றும், அழித்தபின் எவை எஞ்சியுள்ளன என்று அறிவிக்குக என்றும் எழுதுதல் வேண்டும்.

கணினி கற்கும் மாணவர்கள் பலர், நிரலை எழுதி முடித்தபின் மிஞ்சிய நேரத்தில் விளக்கம் எழுதலாம் என்று எண்ணுகின்றனர். வாசிப்பவன் மனிதனாயிருந்த காலத்தில் ஐயம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டான். இன்று வாசிப்பது முகவர்; அது ஐயுறாமலே செய்து முடித்துவிடவும் கூடும். விளக்கத்தில் நாம் எழுதாது விட்ட ஒரு வரி, மலையடிவாரத்தில் உறங்கும் ஒரு குடும்பத்தை எழுப்பாமல் விடக்கூடும்.