லாபத்தில் அல்ல, விற்பனையில்

கார்டு வாங்காத கடைக்காரர் வரி ஏய்க்கிறார் என்ற வாதம், மலேசியாவின் தானா ராத்தாவில் உள்ள ஒரு தேநீர்க்கடையின் கணக்கைப் பார்க்காமல் எழுதப்பட்டது. கார்டுக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் லாபத்தின் மீதல்ல, மொத்த விற்பனையின் மீது விழுகிறது. 10 வெள்ளி பில்லில் 1 வெள்ளி மிஞ்சும் என்று வையுங்கள். ஒன்றரை விழுக்காடு என்றால் 15 காசு, லாபத்தில் 15 விழுக்காடு. ரொக்கத்துக்கும் செலவுண்டு என்பார்கள்: சில்லறைத் தட்டுப்பாடு, எண்ணும் நேரம், திருட்டு. ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் அந்தக் கடைக்காரர் டூயிட்நவ் என்ற கைபேசிக் கட்டண முறையின் கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டியிருக்கிறார். 2023 நவம்பர் முதல் அதற்கும் கட்டணம் என்றபோது எழுந்த எதிர்ப்பில் பல வங்கிகள் சிறுவணிகருக்கு அதைத் தள்ளுபடி செய்தன. கியூஆரில் வரும் ஒவ்வொரு காசும் வங்கிக் கணக்கில் பதிவாகிறதே, வரி ஏய்ப்பவர் அதையா ஒட்டுவார்? சிங்கப்பூர்ப் பயணிகூட 2023 மார்ச் முதல் தன் நாட்டு நெட்ஸ் கட்டண முறை வழியே அதில் கட்டலாம். கார்டோடு வரும் ஐரோப்பியரை நம்பி நடக்கும் கடை மட்டும் கார்டு இயந்திரம் வைக்கட்டும்.