மாத்திரைக்குப் பதிவேடு உண்டு, வேலை நேரத்துக்கு?

பெங்களூரு தொம்மலூரின் மேம்பாலத்தருகே இரவில் நின்று பார்த்தால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்கள் தெரியும். அமெரிக்காவின் பகலுக்கு வேலை செய்யப் போகிறவர்களை ஏற்றிய வாடகை வண்டிகள் எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தை நோக்கிச் செல்கின்றன. பகல் வேலை முடியாமலே இரவைக் கண்டவர்கள் அங்கிருந்து திரும்புகிறார்கள். இடையே உணவுப் பொட்டலங்களுடன் இருசக்கர வண்டிகள். சொக்கநாதர் கோயில் சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட பழைய ஊர் இது. தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் பகுதியும்கூட. இன்று பொறியாளர், காவலாளி, வண்டியோட்டி என ஊதியத்தில் எட்டாத தொலைவில் நிற்பவர்களை இங்கே ஒன்றாக்குவது உறக்கமின்மை.

உறக்கமின்மைக்குச் சந்தை கண்டுள்ள மலிவான விடை தூக்க மாத்திரை. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய லிப்ரியம் 1960இலும், வேலியம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் ஆகியவை இன்று இந்தியாவின் சிற்றூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. இவை பயனற்றவை என்று யாரும் சொல்லவில்லை. பதற்ற நோயின் கடுமையான கட்டத்திலும் வலிப்பு நோயிலும் இவை உயிர்காக்கும் மருந்துகள். சிக்கல் கால அளவில் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இலேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், இக்குடும்பத்து மருந்துகள் அனைத்தின் குறிப்புத்தாளிலும் பழக்க அடிமைத்தனம் குறித்த கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்க உத்தரவிட்டது. இந்தியாவிலோ, ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவத் தேவைக்கு வெளியே இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்துவோர் சுமார் 1.18 கோடிப் பேர்.

சட்டம் மாத்திரையைக் கண்காணிக்கவே செய்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் அல்பிரசோலமும் டயசிபாமும் இடம்பெற்றுள்ளன. எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி 100 கிராமுக்கு மேல் அல்பிரசோலத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. இந்தக் கண்டிப்பு தேவைதான்; அது ஏட்டோடு நின்றுவிடாமல் இருப்பதும் தேவை. ஆனால் ஒருவரை அந்த மாத்திரையை நோக்கித் தள்ளும் வேலை நேரத்துக்கு அரசு எந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது?

கர்நாடகத்தில் நடந்ததைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அம்மாநிலத்தின் 1961ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளொன்றுக்கு 9 மணி நேரம், மிகைநேரம் சேர்த்து 10 மணி நேரம் என்பது உச்சவரம்பு. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மட்டும் இதை 14 மணி நேரமாக்கும் முன்மொழிவைக் காங்கிரஸ் அரசின் தொழிலாளர் துறை பரிசீலித்தது. கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் (கிட்டு) வீதிக்கு வந்த பிறகே அது பின்வாங்கப்பட்டது. 2025 ஜூனில், வரம்பை 12 மணி நேரமாக்கும் வேறொரு வடிவில் அது திரும்பியது, மீண்டும் போராட்டம். இன்னொரு புறம், நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்துறைக்கு அளிக்கப்பட்டுவரும் விலக்கை அதே அரசு 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. ஒன்றிய பாஜக அரசு 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. வாரம் 70 மணி நேரம் என்றார் இன்போசிஸ் நாராயண மூர்த்தி. 90 என்றார் எல் அண்டு டி தலைவர். இவ்விஷயத்தில் ஆளும் கட்சிகளின் கொடி நிறங்களுக்கிடையே வேறுபாடு காண்பது கடினம்.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7.45 லட்சம் பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணித்தன. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2007இலேயே வகைப்படுத்தப்பட்டது. இருந்தும் நமது சட்டத்தின் அறிவிக்கத்தக்க தொழில்சார் நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சும் சிலிக்கோசிசும் இருக்கின்றன. மனநோய் எதுவும் இல்லை. ஆகவே தூங்காதவர் எத்தனை ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தாலும் அது அவரது ‘சொந்தப் பிரச்சனை’. நிறுவனம் ஒரு தியான வகுப்பை நடத்திக் கை கழுவிக்கொள்ளும்.

இது புதிய கதையும் அல்ல. ஆலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அமைதிப்படுத்த அபின் கலந்த ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ என்ற மருந்தைப் புகட்டிய கொடுமையை 1845இல் எங்கெல்ஸ் பதிவு செய்தார். மூலதனம் நூலில் மார்க்சும் அதைச் சுட்டினார். அந்த மருந்துப் புட்டியைத் தடை செய்திருந்தால் மட்டும் அந்தத் தாய்மார்கள் வீட்டிலிருந்திருக்க முடியாது. 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் கேட்ட எட்டு மணி நேர வேலை நாளின் மறுபாதி, எட்டு மணி நேர ஓய்வு. சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே நாள் கொடியை ஏற்றியபோது அந்த உறக்கத்தின் உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

மருத்துவத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே உள்ளனர். நாட்டின் தலைசிறந்த மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூரிலேயே இருக்கிறது; ஆனால் அன்றாடப் பதற்றத்துக்கு ஒருவர் நாட வேண்டியது தெருமுனை ஆரம்ப சுகாதார மையத்தை. தொம்மலூரை ஒட்டிய இந்திராநகரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருந்தும், 2017 முதல் உயர்த்தப்படாத 21,000 ரூபாய் ஊதிய வரம்பைத் தாண்டியவர் உள்ளே போக முடியாது. உணவு கொண்டுவருபவருக்கோ தொழிலாளி என்ற பெயரே இல்லை; அவர் ‘பார்ட்னர்’. மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்தைவிட மாத்திரை அட்டை மலிவு. இரவுப் பணியில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை. உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையன்று, உளவியல் ஆலோசனை. அதற்கு நேரமும் விடுப்பும் வேண்டும்.

எட்டு மணி நேர வேலை, நிலையாணை விலக்கு ரத்து, இஎஸ்ஐ வரம்பு உயர்வு, இணையவழித் தொழிலாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிப்பது, பணிசார் மனநோயைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்ப்பது ஆகிய கோரிக்கைகளை ஒன்றாகப் பேச வேண்டிய நேரம் இது. கிளைக் கூட்டங்களில் ஒன்றையும் வெளிப்படையாகப் பேசலாம். உறங்க முடியாத தோழரை ‘மனவுறுதி இல்லாதவர்’ என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது முதலாளி சொல்வதையே நாம் திருப்பிச் சொல்வதாகும்.

இம்மருந்துகளை நீண்டகாலமாக எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரை கொண்டுபோகும் ஆபத்து அதில் உண்டு. மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். மதுவுடன் சேர்த்து எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். டெலி மானஸ் உதவி எண் 14416இல் இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சங்க அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில், வேலை நேரத் தகராறுக்கு அழைக்க வேண்டிய நிர்வாகியின் எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள்.