லேப்டாப் விலை ஏன் ஏறுது? வேலைக்கு வாங்குமுன் எதைப் பார்க்கணும்?

வேலைக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது விலைச் சீட்டு. "போன வருஷம் இதே மாடல் இதைவிட மலிவா இருந்துச்சே!" என்று பலரும் சொல்கிறார்கள். அது வெறும் எண்ணம் இல்லை. விலை ஏற்றத்துக்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

காரணம் தெரிந்தால் மட்டும் போதுமா? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம், வாங்கியபின் மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதையும் பார்த்துவிடுவோம்.

விலை ஏறுவதற்கு யார் காரணம்?

ஒரே வரியில் சொன்னால், செயற்கை நுண்ணறிவு.

கணினியின் ரேம் எனப்படும் மெமரி சிப்களைப் பெரிய அளவில் தயாரிப்பவை மூன்று நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். ஏஐ தரவு நிலையங்களுக்கு எச்பிஎம் என்ற அதிவேக மெமரி தேவைப்படுகிறது. அதையும் இதே மூன்று நிறுவனங்கள்தான் தயாரிக்கின்றன.

சிக்கல் இங்கேதான். ஒரே அளவு மெமரியை எச்பிஎம் ஆகச் செய்ய, சாதாரண டிடிஆர்5 மெமரிக்கு ஆவதைப்போல் சுமார் 3 மடங்கு சிலிக்கான் தகடு தேவை என்று மைக்ரோன் கூறியிருக்கிறது. எச்பிஎம்மில் லாபமும் அதிகம். அதனால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் சாய்கின்றன. நம் லேப்டாப்புக்கு வரவேண்டிய மெமரி குறைகிறது.

2025 டிசம்பரில் மைக்ரோன் ஓர் அறிவிப்பு விடுத்தது. பயனீட்டாளர்களுக்கு நேரடியாக ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த தனது 'குருஷல்' வர்த்தகத்திலிருந்து விலகுவதாகச் சொன்னது. ஏறக்குறைய 30 ஆண்டு பழைய பெயர் அது. சொந்தமாக ரேம் வாங்கி மாற்றிப் பழகியவர்களுக்கு அது சின்ன செய்தி இல்லை.

இதில் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. 2025 ஜனவரியில் மைக்ரோன், எச்பிஎம் மெமரியைப் பொதியாக்கும் 7 பில்லியன் அமெரிக்க டாலர் ஆலைக்கு இங்கே அடிக்கல் நாட்டியது. நம் பகுதி மின்கடத்தித் துறைக்கு நல்லது. அதே அலைதான் கடையில் நம் பர்ஸையும் தொடுகிறது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

விலை ஏறும் நேரம் பார்த்து இன்னொரு நெருக்கடியும் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வாடிக்கையாளர் விவரம், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கும் கணினிக்கு அது ஆபத்து.

"அப்போ உடனே புதுசு வாங்கணுமா?" கொஞ்சம் பொறுங்க.

முதலில் உங்கள் கணினி விண்டோஸ் 11க்கு மாறுமா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர் வேண்டும். இருந்தால் மேம்பாடு இலவசம்.

மாறாது என்றால், தனிநபர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறுவனங்கள் 3 ஆண்டு வரை கட்டணம் செலுத்திப் பெறலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர். பிறகு ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும். ஓராண்டுக்கு அது சமாளிப்பு. மூன்று ஆண்டுக்குக் கட்டினால் மொத்தம் 427 டாலர். பழைய கணினிக்கு அவ்வளவு கொடுப்பது பெரும்பாலும் நஷ்டம்.

'பிசினஸ்' லேப்டாப் என்றால் என்ன வித்தியாசம்?

லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக், டெல் புரோ போன்றவை வர்த்தக வரிசைகள். அதே பிராசசர், அதே ரேம் கொண்ட சாதாரண லேப்டாப் பக்கத்திலேயே குறைந்த விலையில் இருக்கும். பிறகு ஏன் கூடுதல் காசு?

வேகத்துக்காக அல்ல. பழுது பார்க்க எளிதான அமைப்பு, சில ஆண்டு கழித்தும் கிடைக்கும் உதிரிபாகங்கள், நிறுவனம் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி, தொழில்நுட்பர் உங்கள் இடத்துக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதத்தைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவற்றுக்காக.

ஒரு நாள் லேப்டாப் இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தனித்தொழில் செய்பவருக்கு இரண்டு வாரம் கணினி சர்வீஸ் நிலையத்தில் கிடந்தால் வருமானமே நின்றுபோகும். அவருக்கு நல்ல உத்தரவாதம் இன்னும் வேகமான பிராசசரைவிட முக்கியம். வீட்டில் இன்னொரு கணினி இருக்கும் மாணவருக்கு அது அவ்வளவு அவசியம் இல்லை.

எதில் காசு போடலாம்?

முதலில் மெமரி. இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிள் மேக்புக்கில் பின்னர் கூட்டவே முடியாது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் மெமரி பிராசசர் பொதியிலேயே இருக்கிறது. அதிகபட்சம் 32 ஜிபிதான். "இப்போ குறைச்சலா வாங்கி அப்புறம் கூட்டிக்கலாம்" என்ற பழைய கணக்கு பல மாடல்களில் இனி செல்லாது. ரேமை மாற்ற முடியுமா என்று கடையில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

எவ்வளவு வேண்டும்?

- மின்னஞ்சல், எக்செல், காணொளிக் கூட்டம், இருபது முப்பது டேப்: 16 ஜிபி போதும்.
- மென்பொருள் எழுதுவது, 4கே காணொளி தொகுப்பது, பெரிய வடிவமைப்புக் கோப்புகள்: 32 ஜிபி.
- ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுவது: மாடலைப் பொறுத்தது. 4 பிட்டுக்குச் சுருக்கிய 8 பில்லியன் அளவுரு மாடலுக்கு ஏறத்தாழ 5 ஜிபி இடம் போதும். 70 பில்லியன் மாடலுக்குச் சுமார் 40 ஜிபி தேவை. அப்போது 64 ஜிபிக்குக் குறைந்து யோசிக்க வேண்டாம்.

மெமரி விலை ஏறியிருக்கும் நேரத்தில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 64 ஜிபி வாங்குவது வீண். தேவைக்குக் குறைவாக வாங்குவது அதைவிட வீண்.

அடுத்து பிராசசர். பெயரைவிட அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் 'யூ' என்று முடிந்தால் அடிப்படை மின்பயன்பாடு 15 வாட். 'எச்எக்ஸ்' என்றால் 55 வாட். வாட் கூடினால் வேகம் கூடும், வெப்பமும் கூடும். மெல்லிய உடலுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே பிராசசர் உள்ள இரண்டு லேப்டாப்களில் ஒன்று பத்து நிமிடத்துக்குப் பிறகு திணறுகிறது. விமர்சனம் படிக்கும்போது முதல் நிமிட வேகத்தைப் பார்க்காமல், அரை மணி நேரம் தொடர்ந்து வேலை கொடுத்த பின் கிடைக்கும் வேகத்தைத் தேடுங்கள்.

'ஏஐ பிசி' முத்திரை அவசியமா?

மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிமுகப்படுத்திய 'கோபைலட் பிளஸ் பிசி' முத்திரைக்கு 16 ஜிபி ரேமும், வினாடிக்கு 40 டிரில்லியன் கணக்கீடுகள் செய்யும் என்பியூ என்ற தனி ஏஐ பகுதியும் தேவை.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். சேட்ஜிபிடி போன்றவை தரவு நிலையத்தில் ஓடுகின்றன. உங்கள் லேப்டாப்பில் என்பியூ இருப்பதால் அவை வேகமாகப் பதில் சொல்லப் போவதில்லை. காணொளிக் கூட்டத்தில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்குவது போன்ற வேலைகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய என்பியூ உதவும். இருந்தால் நல்லது. அதற்காகவே ரேமைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

மக்கர் செய்தால் எங்கிருந்து தொடங்குவது?

*ரொம்ப மெதுவா இருக்கு.* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பிரச்சினை ரேம். பிராசசர் முட்டிக்கொண்டிருந்தால் எந்தச் செயலி என்று பட்டியலிலேயே தெரியும். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தாலும் கணினி தள்ளாடும். கொஞ்சம் இடம் காலியாக வையுங்கள்.

*அடுப்பு மாதிரி சுடுது.* மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்தால் காற்றுத் துவாரம் அடைபடும். நம் ஊர் வெப்பத்துக்கு அது கூடுதல் சுமை. முதலில் கெட்டியான மேசையில் வைத்துப் பாருங்கள். பிறகும் விசிறி இரைந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம்.

*சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.* லேப்டாப்பைச் சந்தேகிக்குமுன் கேபிளைச் சந்தேகியுங்கள். எல்லா யூஎஸ்பி-சி கேபிளும் ஒன்றல்ல. சாதாரணக் கேபிள் அதிகபட்சம் 60 வாட்தான் கடத்தும். 100 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு அதற்கென்றே தயாரித்த கேபிள் வேண்டும். கைப்பேசிக் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுவதைவிட வேகமாக இறங்கவும் செய்யும்.

*பேட்டரி நிற்கவில்லை.* வாங்கியபோது இருந்த கொள்ளளவையும் இப்போது இருப்பதையும் ஒப்பிடுங்கள். விண்டோஸின் பேட்டரி அறிக்கை இரண்டையும் காட்டும். மேக்கில் அமைப்புகளுக்குள் பேட்டரி நலம் என்ற பகுதி இருக்கிறது. 80 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புது லேப்டாப் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே அணைத்துவிட்டுப் பயன்பாட்டை நிறுத்துங்கள். நீங்களே அதைத் தொடாதீர்கள்.

*நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது.* அது பிட்லாக்கர் மீட்புச் சாவி. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் மேம்பாட்டில் ஏற்பட்ட பிழையால் உலகம் முழுவதும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமானநிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவுசெய்தன. கணினிகளை மீட்கச் சென்ற ஊழியர்கள் பலருக்கு முதலில் தேவைப்பட்டது இந்தச் சாவிதான். தனிநபர் கணினியில் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே தேடி எடுத்து வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள். சாவியும் இல்லை, காப்புப் பிரதியும் இல்லை என்றால் கோப்புகள் திரும்பக் கிடைக்காது.

கடைக்காரர் கைவிரித்தால்?

சிங்கப்பூரில் 'லெமன் லா' எனப்படும் குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டவிதிகள் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேட்கலாம். அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ திரும்பக் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் கீழே போட்டு உடைத்ததற்கும், மனம் மாறியதற்கும் பொருந்தாது.

இளம் தொழில்முனைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பாதுகாப்பு பயனீட்டாளர்களுக்கானது. முழுக்க முழுக்க வர்த்தகத்துக்காக, நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் அது கிடைக்காது. அந்த நிலையில் ஒப்பந்தமும் உத்தரவாதச் சீட்டுமே உங்கள் ஆயுதம். ரசீது யார் பெயரில் என்பதை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர்கள் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை செல்லலாம். 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, குறுஞ்செய்தி, பழுதின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பழைய லேப்டாப்பைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஜூலை முதல் பெரிய மின்னியல் கடைகள் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. கொடுக்குமுன் தரவை முழுமையாக அழிக்க மறக்காதீங்க.

அப்படியென்றால் இப்போது வாங்கலாமா?

இப்போதைய கணினி பாதுகாப்புத் திருத்தம் பெறுகிறது, வேலையும் ஓடுகிறது என்றால், புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக மாற்றத் தேவையில்லை. ஒரு பேட்டரி, ஒரு எஸ்எஸ்டி மாற்றினாலே இன்னும் இரண்டு ஆண்டு ஓடலாம்.

திருத்தம் நின்றுவிட்டது, வேலையும் தடைபடுகிறது என்றால் விலை இறங்கும்வரை காத்திருப்பதும் செலவுதான். புதிய மெமரி ஆலை கட்டி உற்பத்தி தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும். அடுத்த மாதமே விலை சரியும் என்று நம்பி வாடிக்கையாளரின் தரவைப் பணயம் வைக்க வேண்டாம்.