"கீமோவுக்குக் கேன்சர் பழகிடும், மூலிகைக்குப் பழகாது" – இந்த ஃபார்வர்டை நிறுத்துங்க

1/ உங்க குடும்ப குரூப்புலயும் இது வந்திருக்கும். பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ அமிர்தி பக்கத்துல இருந்து ஒரு அக்கா. நிணநீர்ப் புற்று. 21 நாளைக்கு ஒரு தவணை, மொத்தம் 6. ரெண்டாவதுலயே கழுத்துக் கட்டி கரைஞ்சிடுச்சு. "இதோட நிறுத்தும்மா, உடம்பு மருந்துக்குப் பழகிடும்"னு சொந்தக்காரங்க சொல்ல, பச்சிலைக்குப் போயிட்டாங்க. நாலு மாசத்துல கட்டி திரும்ப வந்துச்சு. இந்த முறை அதே மருந்துக்கு அசையவே இல்ல.

3/ செல் "பழகல". 1 செ.மீ. கட்டியிலயே சுமார் 100 கோடி செல்கள். பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ-வை நகலெடுக்கணும், பிழை விழும். மருந்துக்குச் சாகாத சில செல்கள் முதல் ஊசிக்கு முன்னாடியே உள்ள இருக்கலாம். மத்தது செத்ததும் அதுங்க பெருகும். களைக்கொல்லிக்குத் தப்பிச்ச களை மாதிரி.

4/ எப்படித் தப்பிக்குது? ஒரு வழி, பம்பு. 1976-ல ஜூலியானோ, லிங் கண்டுபிடிச்ச பி-கிளைக்கோபுரோட்டீன், உள்ள வர்ற மருந்தை வெளிய இறைச்சிடும். சில செல்லுல அந்த ஜீனோட நகல்கள் கூடும். சிலதுல எழுத்து மாறாமலேயே சுவிட்ச் மட்டும் ஆன் ஆகும். ரெண்டுமே அந்தச் செல் பிரிஞ்சு வர்ற செல்களுக்குப் போகும். உங்க பிள்ளைங்களுக்குப் போகாது, பயப்படாதீங்க.

5/ இப்ப மூலிகைக்கு வருவோம். அக்காவுக்குப் போட்ட மருந்துல ஒண்ணு வின்கிரிஸ்டின். எதுல இருந்து எடுக்கறாங்க தெரியுமா? நம்ம சுடுகாட்டு ஓரத்துல பூக்கற நித்தியகல்யாணி! அந்தப் பம்பு அதையும்தான் வெளிய தள்ளுது. மூலிகை, கெமிக்கல்னு அதுக்கு ஜாதி தெரியாது.

6/ அதனாலதான் வேற வேற வழியில தாக்குற மருந்துகளைச் சேர்த்துத் தர்றோம். 1960-கள்ல குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய் குணமாக ஆரம்பிச்சது இப்படித்தான். முழுசா போட்டும் சிலருக்குத் திரும்பும், மறைக்கல. ஆனா பாதியில விட்டா, மிச்சமிருக்கற செல்லுக்கு நாமளே கதவைத் திறந்து விடறோம். கட்டி தெரியலங்கறதும் கேன்சர் போயிடுச்சுங்கறதும் ஒண்ணு இல்ல.

7/ சக டாக்டர்களே, "கரைஞ்சப்புறமும் ஏன் ஆறு?"ன்னு ரெண்டு நிமிஷம் சொல்லாம சீட்டு எழுதி அனுப்பினா, அந்த வேலையை வாட்ஸப் பார்த்துக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி தினக்கூலிக்கு ஒரு தவணைன்னா அன்னிக்குக் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. அதையும் கேளுங்க.

8/ ஃபார்வர்டு பண்றவங்களே, அக்கா திரும்பி வந்தப்ப அந்தச் சொந்தக்காரங்க யாரும் கூட வரல. வீட்டுல யாருக்காவது கீமோ நடந்தா, அடுத்த தவணை என்னிக்குன்னு கேளுங்க. கூடப் போங்க.