நடுக்குவாதம் வந்தவரைத் தோட்டத்துக்கு அனுப்பலாமா?

இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். மக்காச்சோளப் படைப்புழு பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு வயது 63. மூன்று வருடமாக நடுக்குவாதம். மாத்திரை சாப்பிடுகிறார். தோட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. போன மாதம் வரப்பில் விழுந்துவிட்டார். மகன்கள் மாட்டை விற்றுவிட்டு அவரை வீட்டில் உட்கார வையுங்கள் என்கிறார்கள். 25 வருடம் களைக்கொல்லி அடித்தாரே, அதனால் வந்ததா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?"

நான் வேளாண் அலுவலர், மருத்துவர் அல்ல. ஆனால் என் பெரியப்பாவுக்கு இந்த நோய் இருந்தது. விழுந்துவிடுவாரே என்று பயந்து அவரை நாங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். எழுந்தாலே நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தோம். உட்கார உட்கார உடம்பு இறுகிப்போனது. அன்பினால் செய்தோம், அது தவறு. ஆகவே உங்கள் மகன்களுக்கு என் பதில்: உட்கார வைக்காதீர்கள்.

இந்த நோயில் மாத்திரைக்கு அடுத்து பலன் தருவது உடற்பயிற்சிதான். தினமும் அரை மணி நேரம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கட்டும். மாத்திரை வேலை செய்து உடம்பு இலகுவாக இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் அடி தானாகவே சுருங்கும். அவருக்கு அது தெரியாது. "மெதுவா நடங்க" என்று சொல்லாதீர்கள். "பெரிய அடியா வையுங்க, கையை வீசுங்க" என்று சொல்லுங்கள். கூடவே நடந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினால் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நிலைப்படியில், திரும்பும் இடத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுவார். நிற்கட்டும். உடம்பை இடமும் வலமுமாக ஒரு முறை சாய்த்துவிட்டு, எண்ணிக்கொண்டு அடி எடுக்கச் சொல்லுங்கள். நிலைப்படிக்கு முன்னால் தரையில் ஓரடிக்கு ஒன்றாக நாலைந்து குறுக்குக் கோடு சுண்ணாம்பில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக நினைத்து நடந்தால், நின்ற கால் நகர்வதைப் பார்ப்பீர்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது. ஏர் திருப்புவது போல வளைந்து வர வேண்டும்.

கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சி. பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழ வேண்டும். எழுந்தவுடன் தலைசுற்றல் வரலாம். ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடக்கட்டும். பயிற்சியின்போது நீங்களோ வேறு யாராவதோ பக்கத்தில் இருங்கள்.

தோட்டத்துக்குப் போகட்டும், ஆனால் வண்டித்தடத்தில். வரப்பு வேண்டாம், கிணற்று மேடு வேண்டாம், தட்டு வெட்டும் இயந்திரம் கூடவே கூடாது. மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுக்காதீர்கள். மாடு முட்டித் தள்ளினாலோ இழுத்தாலோ இவர்களால் சட்டென்று பின்னால் கால் வைத்துச் சமாளிக்க முடியாது. நிலக்கடலை உடைப்பது, அவரை உரிப்பது எல்லாம் விரலுக்கு மருந்து. குரல் தேய்ந்துகொண்டே போகும் நோய் இது. அதனால் மாட்டையோ ஆளையோ தோட்டம் கேட்கும்படி கூப்பிடும் வேலையை அவருக்கே விடுங்கள்.

மாட்டை விற்கலாமா? இரண்டு இருந்தால் ஒன்றை விற்றுவிடுங்கள். அது அவருக்காக இல்லை, உங்களுக்காக. இரவில் நாலு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு விடியற்காலை இரண்டு மாடு கறப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்?

இனி களைக்கொல்லி. இன்ன மருந்தால்தான் இவருக்கு வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பாராகுவாட் அல்லது ரோட்டினோன் கையாண்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. பாராகுவாட் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் கிடையாது. கேரளம் 2011-ல் தடை செய்தது. பூச்சிமருந்து கையாண்ட விவசாயிகளுக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழில்வழி நோய் என்றே பிரான்சு 2012-ல் ஏற்றுக்கொண்டது. தொண்ணூறுகளில் கையுறை இல்லாமல் தெளித்துக் காட்டியவன் நான். அந்தக் குறுகுறுப்பு எனக்கு உண்டு. உங்கள் மகன்கள் தெளிப்பதாக இருந்தால் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் டேங்கைத் தோளில் ஏற்ற விடாதீர்கள்.

பூனைக்காலிக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா சொல்லவில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள லெவோடோபா அந்த விதையில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-ல் எழுதியவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் மருந்து கூடிப்போய் வாந்தி, தலைசுற்றல், தன்னையறியாத உடல் அசைவு, இல்லாதது தெரிவது எல்லாம் வரலாம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து.

மாத்திரையைப் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகக் கொடுக்கச் சொல்வார்கள். பருப்பு, பால், முட்டையோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. வாந்திக்கு வேறு இடத்தில் மருந்து வாங்கினால் நடுக்குவாதம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மெட்டோகுளோப்ரமைடு இவர்களுக்கு ஆகாது.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், "முன்ன மாதிரி முகம் கொடுத்துப் பேசறதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது கோபம் இல்லை. முகத்தசை இறுகுவதால் உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. ஊரிலும் இதைச் சொல்லுங்கள். டீ சிந்துகிறது என்ற கூச்சத்தில்தான் பலர் கடைக்குப் போவதை நிறுத்துகிறார்கள். அரை டம்ளர் ஊற்றிக் கொடுக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் போதும். பழைய கூட்டாளிகள் இரண்டு பேரைச் சாயங்கால நடைக்குப் பிடித்துப் போடுங்கள். உங்களோடு நடக்க முரண்டு பிடிப்பவர் அவர்களோடு நடப்பார். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. அதில் வீட்டு வேலை பார்க்காதீர்கள். மகளிர் குழுவுக்குப் போங்கள், அல்லது தூங்குங்கள். வாரத்தில் ஓர் இரவு மகன் வந்து அப்பாவோடு படுக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி நடுக்குவாதமும் மாற்றுத்திறன் பட்டியலில் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சேர்த்தே கேளுங்கள்.

சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். படைப்புழுவுக்கு அடுத்த இதழில் பதில்.