பூண்டி மலையில் ஜீப்புக்கு மூச்சிரைப்பு

பழைய ஜீப் வைத்திருப்பவரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்காதீர்கள். ஒன்று, "மைலேஜ் என்ன கொடுக்குது?" மற்றொன்று, "ஏன் சார் இவ்வளவு மெதுவா போறீங்க?" முதல் கேள்விக்கு முறைப்பார். இரண்டாவது கேள்விக்கு பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார். உங்களுக்கு பஸ் போய்விடும்.

அவர் சொல்லும் வியாதிக்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் பல பெயர். பிக்கப் இல்லை, புல்லிங் இல்லை, ஏத்தத்தில் அமுங்குது, அடைக்குது. எல்லாம் ஒன்றுதான். கால் மிதிக்கிறது, வண்டி கேட்க மாட்டேன் என்கிறது. கல்யாணமானவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இந்த வியாதியைப் பார்க்க பூண்டியைவிடச் சிறந்த இடம் இல்லை. தமிழ்நாட்டில் பூண்டிக்குப் பஞ்சமும் இல்லை. சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரி ஒரு பூண்டி. தஞ்சாவூர்ப் பக்கம் காலேஜ் இருப்பது ஒரு பூண்டி. வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றுவது இன்னொரு பூண்டி. நான் சொல்வது கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய் அதற்கப்புறம் வருகிற பூண்டி. அதையும் தாண்டினால் கிளாவரை. அதோடு பஸ் திரும்பிவிடும். எதிரே தெரிவது கேரளா.

இந்தப் பூண்டியில் பூண்டு விளைகிறது. பெயருக்கும் பயிருக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் பூண்டு நிஜம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அடுக்கடுக்கான வயல்களிலிருந்து மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவருவது யார்? பாதி தூரம் குதிரை, மீதி தூரம் ஜீப். ராத்திரி யாருக்காவது பிரசவ வலி வந்தாலும் அதே ஜீப்தான். டவுனில் நமக்கு ஜீப் என்றால் ஷோக்கு. அங்கே அது குடும்பத்தில் ஒரு ஆள், ரேஷன் கார்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். மலை மேலே வண்டி இழுக்கவில்லை என்றால் பாதிக் குற்றம் வண்டியின் மேல் இல்லை. காற்றின் மேல்.

கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி உயரம். அங்கே காற்று மெலிசு. வத்தலக்குண்டில் இன்ஜின் ஒருமுறை மூச்சு இழுத்தால் நூறு பங்கு காற்று கிடைக்கிறது என்றால், மேலே அதே மூச்சுக்குச் சுமார் எண்பது பங்குதான். மலைக்குப் போன மாமியார்கள் 'பருப்பு வேகவே மாட்டேங்குது' என்று புலம்புவார்களே, அதே காரணம். அங்கே தண்ணீர் நூறு டிகிரி வரை காத்திருக்காமல் தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். பருப்புக்குக் காற்றழுத்தம் போதவில்லை. இன்ஜினுக்கும் போதவில்லை.

நம்ம ஊர் மலைகளில் இன்னும் ஓடுகிற பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகள் பலவற்றில் இருப்பது பெஜோ டிசைன் இன்ஜின். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். 2112 சி.சி., 62 குதிரைத்திறன். புதுசாக இருந்தபோது, சமவெளியில், 62. பூண்டி ரோட்டில் காற்றே பன்னிரண்டு குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். மீதி ஐம்பது. அதில் வயசு எத்தனை குதிரையைத் தின்றது என்பதுதான் வழக்கு.

நான் அந்தப் பக்கம் போனபோது சவாரி கிடைத்த ஜீப் அந்த ஜாதி. ஓட்டியவர் பூண்டு விவசாயி. முன் சீட்டில் நான், பின்னால் உரமூட்டைகள், அவற்றின் மேல் இரண்டு பேர். மன்னவனூர் தாண்டி ஒரு ஏற்றம். வண்டி மூன்றாவது கியரில் திணறி, இரண்டாவதில் இருமி, முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் பார்த்தேன். ரோடு தெரியவில்லை. கறுப்புப் புகை.

"இன்ஜினை இறக்கணும்னுட்டாங்க சார்" என்றார். "போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, ஹெட் வேலை பார்த்து... இந்த வருசம் பூண்டு போட்ட காசு அத்தனையும் அதுக்குத்தான். பொண்ணு நர்சிங் சேரணும்னு நிக்குது. எதுக்குக் கட்டுறதுன்னு தெரியல."

சொன்னது யார் என்று கேட்டேன். கீழே டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப். வண்டியை ஓட்டிப் பார்த்தார்களா? இல்லையாம். புகையைப் பார்த்தார்களாம். டாக்டர் வாசலில் நின்று இருமலைக் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த மாதிரி.

கவுஞ்சிப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வயசு அறுபதைத் தாண்டியவர், எல்லாரும் 'பாய்' என்கிறார்கள், அது போதும். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவரிடம் நிறுத்தினோம்.

பாய் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது, "காலையில எத்தனை தடவை செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகுது?"

"ஹீட்டர் போட்டா ஒரே அடி பாய்."

"பனி கொட்டுற காலத்துலயும்?"

"அப்பவும் ஒண்ணு, ரெண்டுதான்."

"அப்ப எதுக்குய்யா இன்ஜினை இறக்கற?"

இந்தக் கேள்வியில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் அடங்கியிருக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கு நசுக்கென்று நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேய்ந்திருந்தால் காற்று ஒழுகிவிடும், சூடு வராது, குளிர்காலக் காலையில் பூண்டியில் அந்த வண்டி கிளம்பவே கிளம்பாது. சரிவில் தள்ளிவிட ஊரே வரவேண்டும். ஒரே அடியில் கிளம்புகிறது என்றால் உள்ளே நுரையீரல் கிட்டத்தட்ட நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பாய் அதோடு விடவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். ரிங் போன வண்டியில் அந்த ஓட்டை வழியாக இட்லி குண்டான் மாதிரி ஆவி தள்ளும். இதில் லேசாக மூச்சு வந்தது. "வயசுக்கு இது சகஜம்" என்றார், தன் நெஞ்சையும் தடவிக்கொண்டார்.

அடுத்து புகையின் நிறம். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வருகிறது: குளிர், டைமிங், இல்லை கம்ப்ரஷன். கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. நம்முடையது கறுப்பு. ஆக, ரிங் மாற்றிப் பயனில்லை. காற்று எங்கே நின்றது, டீசல் எங்கே கூடியது என்றுதான் தேட வேண்டும்.

பழைய ஜீப்பில் ஏர் ஃபில்டர் என்பது காகிதம் அல்ல, ஒரு டப்பா. அடியில் ஆயில் இருக்கும். தூசி ஆயிலில் விழுந்து, காற்று மட்டும் மேலே கம்பி வலை வழியாகப் போகும். பாய் அதைக் கழற்றிக் கவிழ்த்தார். விழவில்லை. திருநெல்வேலி அல்வா பதத்தில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தார். டப்பாவையும் வலையையும் டீசலில் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் விட்டார். கோட்டைத் தாண்டி ஊற்றினால் இன்ஜின் அதையும் உறிஞ்சும். கழுவின செலவு ஒரு டீயும் அரை லிட்டர் டீசலும்.

பிறகு பம்ப்பைப் பார்த்தார். முகம் மாறியது. டீசல் பம்ப்பில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்த ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைக் கம்பி கட்டி ஈய சீல் வைத்திருப்பார்கள். இதில் கம்பியும் இல்லை, ஈயமும் இல்லை, ஸ்பேனர் போட்ட தழும்பு மட்டும் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் 'பிக்கப் வரும்' என்று திருகி விட்டிருக்கிறார். கீழே கொஞ்சம் வந்தும் இருக்கும். மேலே காற்றே எண்பது பங்கு. அதிலும் பாதியை அல்வா அடைத்துக்கொண்டிருக்கிறது. கூடுதல் டீசல் எதோடு எரியும்? புகையாகத்தான் வரும். சாப்பிட முடியாதவனுக்கு இன்னும் இரண்டு கரண்டி சாதம் போடுவது உபசாரம் இல்லை.

அந்த ஸ்க்ரூவை பாய் தொடவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. "இதை கண்ணளவுல வைக்கக் கூடாது. பம்ப்பைக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தி, ஒவ்வொரு லைன்லயும் எத்தனை விழுதுன்னு அளந்து வெச்சு, சீல் போட்டு வாங்கு. நாசில் நாலையும் கையோட செக் பண்ணச் சொல்லு" என்றார். தனக்குத் தெரியாததை இன்னொருவனிடம் அனுப்புகிற மெக்கானிக்கும், டாக்டரும், ஜோசியரும் அபூர்வம்.

கடைசியாக ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்தேன். நான்கு சக்கரங்களின் டிரம் மேலும் சொட்டுச் சொட்டாகத் தெளித்தார். மூன்றில் வழிந்தது. பின்பக்கம் இடது சக்கரத்தில் தோசைக்கல் மாதிரி 'சொய்ங்' என்றது. வீல் சிலிண்டர் துருப்பிடித்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் அந்த மனிதர் ஒரு காலால் ஆக்ஸிலேட்டரையும் துரு என்கிற இன்னொரு காலால் பிரேக்கையும் மிதித்தபடி மலை ஏறியிருக்கிறார். இதற்கும் இன்ஜினை இறக்கியிருந்தால், புது பிஸ்டன் போட்டும் வண்டி அதே ஏற்றத்தில் நின்றிருக்கும். அவர் மகளும் பூண்டியிலேயே நின்றிருப்பாள்.

பிற்பாடு போனில் விசாரித்தேன். பம்ப் வேலை, நாசில், வீல் சிலிண்டர், லைனிங் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் போர் வேலைக்குச் சொன்ன தொகையில் கால்வாசி வரவில்லையாம். அந்த ஏற்றத்தை உரமூட்டையோடு இரண்டாவது கியரில் ஏறுகிறதாம். "மூணாவது?" என்றேன். "பேராசை சார்" என்றார். பெண் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் பூண்டு இல்லை என்று புகார்.

சரி, காற்றுதானே குறைகிறது, காற்றை வலுக்கட்டாயமாகத் திணித்தால் என்ன? இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்துவிட்டார். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்கிற இன்ஜினீயர், 1918-ல் ஒரு விமான இன்ஜினை லாரியில் கட்டி, கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற பதினாலாயிரம் அடி மலை உச்சிக்கே கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் உச்சியில் 230-க்கு இறங்கியது. புகைக்குழாயில் வீணாகப் போகிற வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினார். 356-க்கு ஏறியது. அதுதான் டர்போ. 2020-ல் வந்த புதுத் தார் பெட்ரோல், டீசல் இரண்டிலும் இருப்பது அதுதான். அதனால்தான் டூரிஸ்ட் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டே நம்மைத் தாண்டிப் போகிறார்கள். இ-பாஸ் வாங்கும் இடத்தில் மட்டும் நாமும் அவர்களும் சமம்.

பழைய எக்ஸ்.டி.பி.க்கும் டர்போ மாட்டலாமா என்று பாயிடம் கேட்டேன். பிஸ்டன், கேஸ்கட், ரேடியேட்டர் எல்லாம் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும், அதற்காகச் செய்தது இல்லை என்பதை இப்படிச் சொன்னார்: "தாத்தாவுக்கு மூட்டு வலின்னா தைலம் தடவலாம். முதுகுல ராக்கெட் கட்டக்கூடாது."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே இன்னொரு ஜீப் வந்து நின்றது. மதுரைப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சனி ஞாயிறு மலை. பளபளவென்று பெயின்ட், முன்னால் ஆறு லைட், தோளுயரத்துக்கு டயர். அவனுக்கும் அதே புகார், பிக்கப் இல்லை. பாய் சக்கரத்தை மட்டும் பார்த்தார். கம்பெனி கொடுத்த டயர் சுமார் 28 அங்குலம். இவன் போட்டிருந்தது 31. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் அதிக தூரம் தள்ள வேண்டும். கியர் பாக்ஸைத் தொடாமலேயே எல்லா கியரையும் கனமாக்கிவிட்டான். ஸ்பீடாமீட்டரும் குறைவாகத்தான் காட்டும், அதனால் உண்மையில் போகிற வேகம்கூட அவனுக்குத் தெரியாது.

"பழைய டயரை என்னப்பா பண்ணே?"

"வீட்டு மொட்டை மாடில கிடக்குண்ணே."

"போய் எடுத்து மாட்டு. சரியாயிரும்."

பையன் தலையைச் சொறிந்தான். நான்கிலும் மண் போட்டு அம்மா புதினா வளர்க்கிறார்களாம். இப்போதுதான் தழைத்திருக்கிறதாம்.